நீல வயரும் மாணிக்கத்தின் கீரையும்

அந்த வயரை நான் செருகியபோது காலை மணி பத்துக்குக் கொஞ்சம் குறைவு. நீல நிற வயர். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் முனை. உள்ளே போனதும் ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம். மூடி சரியாகப் பொருந்தினால் டிபன் கேரியரில் வருமே, அந்த மாதிரி மனசுக்குத் திருப்தியான சத்தம்.

“அவ்வளவுதான் வேலை” என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு காப்பியைக் கையில் எடுத்தேன்.

அந்தக் காப்பியை முடிக்கக் கொடுத்துவைக்கவில்லை. பதினைந்து இருபது நிமிடம் போயிருக்கும். வெளியிலிருந்து வந்த ஒரு போன் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினால், கிருஷ்ணவேணி வாசலில் நிற்கிறாள். என் சமையற்கூடத்தைப் பதினெட்டு வருடமாகக் கட்டி மேய்க்கிறவள். கீழே இருந்து கத்தித்தான் எனக்குத் தகவல் சொல்வாள், மாடி ஏறி வரமாட்டாள். அன்றைக்கு ஏறி வந்திருந்தாள். விரல் நுனியில் ஒரு ஒட்டுச் சீட்டு.

“அண்ணே, செல்லம்மா அக்கா தவறி மூணு மாசம் ஆச்சு லா. காரியத்துக்கு நம்மதானே சாப்பாடு அனுப்பினோம். இன்னிக்கு எப்படி அவங்க பேர்ல சீட்டு வருது?”

வாங்கிப் பார்த்தேன். செல்லம்மாள், ஈசூன் வட்டாரம், புளோக் எண், மாடி எண். மதியச் சாப்பாடு. சர்க்கரை இல்லாமல். பல் இல்லை, சோறு குழைய.

“ஈசூன் கூடைகள்லாம் ரொம்பிடுச்சு, ஒரு டப்பா மட்டும் வெளியே நிக்குது. யாரோடதுன்னு பார்த்தா இது. வேன் போயாச்சு அண்ணே.”

செத்துப்போனவருக்கே சாப்பாடு கட்டியிருக்கிறார்கள் என்றால், உயிரோடு இருப்பவர்களுக்கு என்ன கட்டியிருப்பார்கள்? காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தேன். வைத்த வேகத்தில் மேசையெல்லாம் காப்பி.

நாலாம் வகுப்பின் ஞாபகசக்தி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதன்முதலாகப் பிரிப்பவர்களுக்காக நான் யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து படிப்பவர்கள் ‘மறுபடியும் ஆரம்பிச்சுட்டார்’ என்று முணுமுணுப்பது காதில் விழுகிறது. விழட்டும். சாதித்தவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

நான் நாலாம் வகுப்போடு நிறுத்தியவன். செம்பவாங் கப்பல் பட்டறை வாசலில் டீயும் வடையும் விற்றவன். பிறகு தேக்காவில், பஃபலோ ரோடு காய்கறிக் கடைகளுக்குப் பின்னால், நாலு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை. இன்றைக்கு உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்கட்டடத்தில் கீழும் மேலுமாக இரண்டு தளம் என்னுடையது. கீழே சமையல், மேலே அலுவலகம். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் வீடு தேடிப் பத்தியச் சாப்பாடு அனுப்புகிறோம். முந்நூறு வீடுகளுக்கு மேல். இந்தத் தீவில் இந்த வேலையை என்னைவிடச் சுத்தமாகச் செய்கிற ஆள் இருந்தால் நேரில் வந்து சொல்லட்டும், சாப்பாடு போட்டு அனுப்புகிறேன்.

பட்டறை வாசலில் எனக்குத் தொண்ணூறு வாடிக்கை. யாருக்குப் பால் இல்லாத தே ஓ, யாருக்குச் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங், யார் வடையில் மிளகாயைக் கிள்ளிப்போட வேண்டும், எல்லாம் தலைக்குள் இருந்தது. ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. சங்கு ஊதி ஆட்கள் வெளியே வருவதற்குள் தொண்ணூறு கிளாஸும் வரிசைப்படி நிற்கும்.

அந்த வரிசையில் முதல் கிளாஸ் மாணிக்கத்துடையது. கப்பலின் அடிவயிற்றில் துரு சுரண்டுகிற வேலை அவனுக்கு. முகமெல்லாம் சிவப்புத் தூளோடு வருவான். முதல் மிடறு குடித்துவிட்டு, “கந்தா, இன்னிக்கு டீ செத்துப்போச்சுடா” என்பான். தினமும் அதே வசனம். தினமும் இரண்டாவது கிளாஸ் கேட்பான்.

தொண்ணூறு பேர் முந்நூறு பேராகி, டீ பத்தியமாக மாறியபோது தலை போதவில்லை. ஒருவருக்கு உப்பு ஆகாது, ஒருவருக்கு நிலக்கடலை பட்டால் தொண்டை அடைக்கும், ஒருவருக்கு விழுங்கவே வராது. அதனால் சர்வர் வாங்கிப் போட்டோம். ஆளுக்கு ஒரு உணவு அட்டை அதற்குள் இருக்கும். தினமும் காலையில் அதுவே அட்டையைப் பார்த்து, கீழே சமையற்கூடத்தில் இருக்கிற மெஷினில் சீட்டு அடிக்கும். சீட்டைப் பார்த்து டப்பாவை நிரப்பி, மூடிமேல் ஒட்டி, வேனில் ஏற்றுவார்கள்.

இதில் நான் போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு சீட்டு வந்தால் பின்னால் வந்த சீட்டே செல்லும். முதல் டப்பாவைப் பிரித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும். ஏனென்றால் மருத்துவமனையிலிருந்து காலையில் போன் வரும், இன்னாருக்கு இன்று முதல் இது கூடாது என்று. அட்டையை மாற்றினால் புதுச் சீட்டு வரும். கேள்வி கேட்டு நிற்காமல் கையோடு மாற்றிவிட வேண்டும். இந்தச் சட்டத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவன் நான்தான். இத்தனை வருடத்தில் அதனால் பலர் பிழைத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு அதே சட்டம் என் கழுத்தில் வந்து உட்கார்ந்தது.

கோமதி கேட்ட கேள்வி

அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் கோமதி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம். நாற்பது வயசு இருக்கும். பழைய கம்ப்யூட்டர்க்காரர் ஆஸ்திரேலியா போய்விட்டதால் அவர் இடத்துக்கு வந்தவள். மெதுவாகப் பேசுவாள். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை நகரமாட்டாள்.

“சார், இந்த சர்வர் இன்னிக்கு எரிஞ்சு போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

நான் சிரித்தேன். சர்வருக்குப் பக்கத்தில் இருந்த கறுப்புப் பெட்டியைக் காட்டினேன். ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா அளவுதான் இருக்கும். நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“தினம் ராத்திரி மொத்த அட்டையும் இதுல நகல் ஆகுதும்மா. ஏழு வருஷமா ஒரு நாள் தவறல. பாரு, பச்சை லைட் எரியுது.”

“லைட் எரியறது கரண்ட் வருதுன்னு சொல்லுது சார். உள்ள என்ன இருக்குன்னு சொல்லாது. இதிலிருந்து எப்பவாச்சும் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கீங்களா?”

“எதுக்கு எடுக்கணும்? சர்வர் நல்லாத்தானே இருக்கு?”

“அது நல்லா இருக்கறப்பவே பார்த்துடணும் சார்.”

அவள் சொன்ன முறை இது. ஒரு பழைய கம்ப்யூட்டரை எடுத்துக்கொள்வாள். அதைத் தனியாக வைப்பாள். கறுப்புப் பெட்டியில் இருப்பதை அதற்குள் இறக்கி, எழுப்பிப் பார்ப்பாள். நிஜ சர்வரைத் தொடவே மாட்டாள். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு சார். கீழ சீட்டு மெஷினோட இணைக்கற அந்த நீல வயரை மட்டும் நான் சொல்ற வரைக்கும் யாரும் செருகக் கூடாது. நகலை எழுப்புனா அதுக்குத் தான் நகல்னு தெரியாது. தான்தான் நிஜம்னு நினைச்சுக்கும்.”

தலையாட்டினேன். காதில் வாங்கவில்லை. என் கட்டடத்தில் எதைத் தொடக் கூடாது என்று எனக்கே ஒருத்தி சொல்வதா என்ற எண்ணம் கொஞ்சம் இருந்தது, அதை மறைக்கவில்லை.

அன்று காலை நகல் இறங்கி முடிந்தது. திரையில் பெயர்கள் வந்தன. எனக்கு ஒரே பெருமை. “பார்த்தியா, சொன்னேன்ல!” என்றேன். கோமதி சிரிக்கவில்லை. எதையோ உற்றுப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். அதற்குள் குளிர்சாதனம் பழுது பார்ப்பவர் வந்திருக்கிறார் என்று கீழே கூப்பிட்டார்கள். “வந்துடறேன் சார், எதையும் தொடாதீங்க” என்று போனாள்.

நான் பார்த்தேன். வயர் இல்லாத கம்ப்யூட்டர் சக்கரம் கழற்றிய லாரி மாதிரி நிற்கிறது. செருகி, கீழே ஒரு சீட்டு அடிக்க வைத்து, அதை அவள் கையில் கொடுத்தால் இந்தப் பெண் வாயடைத்துப் போகும் என்று நினைத்தேன்.

செருகினேன். அப்போதுதான் போன் வந்தது, நான் வெளி வராந்தாவுக்குப் போனேன்.

நகல் கண் விழித்தது. மணியைப் பார்த்தது. ஐயோ, இன்றைக்கு இன்னும் சீட்டு அடிக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டது. விட்ட வேலையைப் பிடித்துக்கொண்டது. முதலில் கிளம்புகிற வேன் ஈசூன் வேன் என்பதால் ஈசூனிலிருந்து ஆரம்பித்தது.

நாற்பத்தொரு டப்பா

கோமதி திரும்பி வந்து வயரைப் பிடுங்கியபோது நாற்பத்தொரு சீட்டு அடித்து முடிந்திருந்தது. கீழே எங்கள் ஆட்கள், பாவம், என் சட்டப்படியே செய்திருந்தார்கள். சரியான சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, பின்னால் வந்த சீட்டைப் பார்த்து டப்பாக்களை மாற்றிக் கட்டியிருந்தார்கள். “இன்னிக்கு என்ன இத்தனை மாத்தம்” என்று திட்டிக்கொண்டே கட்டினார்களாம். கிருஷ்ணவேணி அந்த நேரம் குளிரறையில் காய்கறி எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கோமதி இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “சார், இந்த நகல் ரொம்பப் பழசு. ஒன்பது மாசம் இருக்கும். ஏன்னு அப்புறம் பார்க்கலாம். இப்ப, இந்த நாற்பத்தொண்ணுல யார் யாருக்கு அட்டை மாறியிருக்குன்னு சொல்றேன், எழுதிக்கோங்க.”

செல்லம்மாளை விட்டுவிட்டால் பதினொரு பேர். ஒவ்வொரு பெயராக அவள் படிக்கப் படிக்க எழுதிக்கொண்டே போனேன். ஒன்பதாவது பெயர் மாணிக்கம்.

ஒன்பது மாதம் முன்னால் மாணிக்கம் எதையும் தின்பான். கீரைக்கூட்டு என்றால் உயிர். தீபாவளிக்குப் பிறகு சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கீரை, தக்காளி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், இளநீர் எதுவும் ஆகாது. அதிலிருக்கிற பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் நெஞ்சு துடிப்பை நிறுத்திவிடும் என்று டயாலிசிஸ் நிலைய மருத்துவத் தாதி என்னை உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அதிலிருந்து அவனுக்கு வேகவைத்து நீர் வடித்த முட்டைக்கோஸ், சுரைக்காய், வெள்ளைச் சோறு.

பழைய அட்டையில் அவனுக்கு என்ன இருந்தது? கீரைக்கூட்டு இரட்டிப்பு. தக்காளி ரசம். உருளைக்கிழங்கு வறுவல். ஒரு வாழைப்பழம். எல்லாம் நான் சொல்லிப் போட்டது.

இன்னொன்றும் நான் சொல்லிப் போட்டது. எந்த வழியாகப் போனாலும் வேன் முதலில் நிற்க வேண்டியது மாணிக்கம் வீட்டில். என் பழைய முதல் கிளாஸ்காரன் அல்லவா.

வேன் ஓட்டுகிற சலீமுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். ஓட்டும்போது போனை எடுத்தால் வேலை போய்விடும் என்று அவனை மிரட்டி வைத்தவனும் நான்தான். மாணிக்கத்துக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிருஷ்ணவேணி மற்ற பத்து வீட்டுக்கும் போட்டுக்கொண்டிருந்தாள். “அத்தை, டப்பா வந்தா தொறக்காதீங்க லா... இல்ல இல்ல, கெட்டுப் போகல... சும்மா தொறக்காதீங்க!”

ஏழு தடவை போட்ட பிறகு சலீமே கூப்பிட்டான். “முதலாளி, மாணிக்கம் அங்கிள் வீட்டுல கொடுத்துட்டு இப்பத்தான் கீழ வந்தேன்.”

“மேல ஓடு! அந்த டப்பாவைத் திரும்ப வாங்கு! வேற யாருக்கும் எதையும் கொடுக்காதே!”

நான் வண்டியில் ஏறி உட்லண்ட்ஸ் சாலையைத் தொடுவதற்குள் மறுபடி போன். “முதலாளி, கொடுக்க மாட்டேங்கறாரு. வாசனை பார்த்துட்டாரு. கதவைச் சாத்திட்டாரு.”

ஒன்பதாம் மாடி

அந்தப் பதினைந்து நிமிடப் பயணத்தில் ஒரு சிவப்பு விளக்குகூட என்னை விட்டுவைக்கவில்லை. மாணிக்கத்தின் அடுக்குமாடிப் புளோக்குக்குக் கீழே லிஃப்டில் நான் ஏறியதும் ஒரு அம்மாவும் தள்ளுவண்டியோடு ஏறினார். லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றது. ஐந்தாவது மாடியில் நின்றது, யாரும் ஏறவில்லை. என் முட்டி மட்டும் சரியாக இருந்திருந்தால் படியில் ஓடியிருப்பேன். மாணிக்கம் மதியம் சீக்கிரமே சாப்பிடுகிற ஆள் என்பது எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் மாடி நடைபாதையில் சலீம் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இரும்புக் கம்பிக் கதவு பூட்டு. மரக்கதவு சாத்தல். உள்ளே ரேடியோ.

“மாணிக்கம்! நான்தான். கதவைத் தொற!”

“சாப்பிட்டுட்டுத் தொறக்கறேன்!”

“அதைச் சாப்பிடக் கூடாதுடா! அது உனக்கு வந்ததில்ல!”

“மூடியில என் பேர் ஒட்டியிருக்கு! ஆறு மாசமா தண்ணியில அலசுன கோஸைப் போட்டே. இன்னிக்குத்தான்டா சோறு மாதிரி சோறு வந்திருக்கு. போடா!”

“செத்துருவேடா!”

“வயிறு ரொம்பிச் சாகறேன், உனக்கென்ன?”

பக்கத்து வீட்டுச் சீன ஆத்தா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சலீம் அவருக்கு மலாயில் ஏதோ சொன்னான். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நின்றார், போகவில்லை.

என்ன சொன்னால் திறப்பான்? தாதி சொன்னதைச் சொன்னேன். மகளைக் கூப்பிடுவேன் என்றேன். ரேடியோ சத்தத்தைக் கூட்டினான். கம்பிக்குள் கைவிட்டு மரக்கதவைத் தட்டித் தட்டி என் விரல்முட்டி சிவந்துபோனது. உள்ளே கரண்டி டப்பாவில் உரசுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் இப்போது எழுதும்போதும் கேட்கிறது.

“மாணிக்கம்,” என்றேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. “நான் தப்புப் பண்ணிட்டேன்டா.”

கரண்டி நின்றது.

“என்ன சொன்னே?”

“நான்தான் தப்புப் பண்ணிட்டேன். அந்தப் பொண்ணு தொடாதேன்னு சொல்லுச்சு. நான் தொட்டேன். அதனால பழைய சீட்டு வந்துடுச்சு. சமையல்காரங்க தப்பு இல்ல, சலீம் தப்பு இல்ல. என் தப்பு.”

ரேடியோவும் நின்றது. செருப்புச் சத்தம். மரக்கதவு ஒரு கை அகலம் திறந்தது. மாணிக்கத்தின் ஒரு கண் என் முகத்தைப் பார்த்தது.

“இன்னொரு தடவை சொல்லு.”

“தப்புப் பண்ணிட்டேன்.”

“ஐம்பது வருஷமா உன் வாயிலேர்ந்து இதைக் கேட்டதில்ல” என்றான். “வா உள்ள. மூஞ்சியைச் சரியாப் பார்க்கணும்.”

மேசைமேல் டப்பா திறந்திருந்தது. ரசம் சோறு பாதி போயிருந்தது. உருளைக்கிழங்கு நாலைந்து துண்டு குறைந்திருந்தது. கீரைக்கூட்டு அப்படியே, விளிம்பு கலையாமல். வாழைப்பழம் தோலோடு.

“கீரையைக் கடைசிக்கு வச்சிருந்தேன்” என்றான். நான் மூடியைப் போட்டு டப்பாவை எடுத்துக்கொண்டேன். அது என் கைக்கு வரும்வரை அவன் கண்ணை அதிலிருந்து எடுக்கவில்லை.

டயாலிசிஸ் நிலையத்துக்குப் போன் போட்டேன். தாதி உடனே கூட்டிவரச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் வயர்களை ஒட்டிக் காகிதத்தில் கோடு போட்டுப் பார்த்தார்கள். முடிவு வரும்வரை நான் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மாணிக்கத்தின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை கண்ணை மூடினான். பதறிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினேன். “தூங்கவும் விடமாட்டியா?” என்றான்.

ஆபத்தில்லை என்று தாதி சொன்னார். மறுநாள் செய்ய வேண்டிய டயாலிசிஸை அன்றைக்கே செய்தார்கள். “கீரையும் போயிருந்தா கதை வேற அங்கிள்” என்றும் சொன்னார். அவர் என்னைத் திட்டிய மிச்சத்தை இங்கே எழுதப்போவதில்லை.

மற்ற பத்து டப்பாக்களும் திறக்காமலே வேனில் திரும்பி வந்திருந்தன.

சந்தன ரேகை

மறுநாள் காலை கோமதி என்னைக் கூப்பிட்டு, சர்வர் அறையில் ஒரு டார்ச் விளக்கை அடித்துக் காட்டினாள்.

நகல் ஏன் ஒன்பது மாதத்தோடு நின்றது என்று கண்டுபிடித்துவிட்டாள். கடைசியாக எழுதிய நாள் எது என்று பார்த்தால், ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

எங்கள் இடத்தில் ஆயுத பூஜையைப் பெரிதாகச் செய்வோம். கத்தி, கரண்டி, கிரைண்டர் கல், வேனின் சாவி எல்லாம் அம்மன் படத்துக்கு முன்னால் ஏறும். அந்த வருடம் கறுப்புப் பெட்டியும் ஏறட்டும் என்று நான்தான் சொன்னேன். முந்நூறு பேர் உயிர் அதில் இருக்கிறதே, அதைவிட ஆயுதம் என்ன இருக்கிறது? பழைய கம்ப்யூட்டர்க்காரர் விடுமுறையில் இருந்தார். நானே பிடுங்கினேன். சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். மறுநாள் நானே திரும்பச் செருகினேன்.

சர்வருக்குப் பக்கத்திலேயே இன்னொரு பெட்டி இருக்கிறது. சமையற்கூடத்துக் கேமராக்களுக்கானது. இரண்டும் ஒரே நிறம், ஒரே உயரம்.

கேமராப் பெட்டியின் பின்புறம், கறுப்புப் பெட்டியின் வயர் நுழைந்திருந்த ஓட்டையைச் சுற்றிக் காய்ந்த சந்தனம். அதில் ஒரு கட்டைவிரல் ரேகை, படம் வரைந்த மாதிரி. அதன் குறுக்கே ஒரு தழும்பு. தேக்கா கடையில் வெங்காயம் நறுக்கும்போது பட்ட என் தழும்பு.

“கரண்ட் இங்கேர்ந்து வந்திருக்கு சார், அதான் பச்சை லைட். சர்வர் தினமும் ‘பெட்டியைக் காணோம்’னு ஈமெயில் அனுப்பியிருக்கு. அது ஆஸ்திரேலியா போனவர் தொறந்தே பார்க்காத ஒரு பழைய விலாசத்துக்குப் போயிருக்கு.”

ஒன்பது மாதம். தினமும் காலையில் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்து, நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த ஒன்பது மாதத்தில் ஒரு நாள் சர்வர் படுத்திருந்தால்? நேற்று அனுப்பிய மாதிரியே முந்நூறு வீட்டுக்கும் பழைய சாப்பாட்டை அனுப்பியிருப்போம். நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு அனுப்பியிருப்பேன். அங்கேயே ஒரு எண்ணெய் டின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

கோமதி டார்ச்சை அணைத்தாள்.

இரண்டாவது முறை

பெட்டியைச் சரியான இடத்தில் செருகி, அன்று மாலையே முதல் நகலை எடுக்க ஏற்பாடு செய்தாள். பிறகு சொன்னாள், “சார், எழுந்து உட்கார்ந்துச்சான்னு பார்க்கறது மட்டும் சோதனை இல்ல. உள்ள இருக்கறது இன்னிக்கு இருக்கறதுதானான்னு பார்க்கணும். யாராச்சும் ஒருத்தர் அட்டையில இன்னிக்குப் புதுசா ஒரு வரி சேர்ப்போம். நாளைக்கு நகல்ல அந்த வரி இருக்கான்னு தேடுவோம். யார் அட்டை?”

இதற்கு யோசிக்க என்ன இருக்கிறது? கிருஷ்ணவேணி தட்டினாள், நான் சொன்னேன்.

அடுத்த நாள் சோதனை. இந்த முறை பழைய கம்ப்யூட்டரையும் கறுப்புப் பெட்டியையும் அரிசி மூட்டை அடுக்குகிற அறைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த அறையில் சுவரில் அந்த மாதிரி வயர் செருக இடமே கிடையாது. நீல வயரைச் சுருட்டித் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். கீழே சீட்டு மெஷினில் நகலுக்கு வழியே இல்லாதபடி எதையோ மாற்றினாள். “நீங்க இங்கேயே நாற்காலி போட்டு உட்காருங்க சார், கையை மடியில வச்சுக்கோங்க” என்றாள். கிருஷ்ணவேணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

நகல் இறங்க இரண்டு மணி நேரம் ஆனது. திரையில் ஒரு கோடு ஊர்ந்தது. முக்கால்வாசிக்கு வந்து நின்றுவிட்டது. நானும் மூச்சை நிறுத்தினேன். “நின்னுடுச்சா?” “இல்ல சார்.” “அசையலையே?” “அசையும் சார்.” பட்டறையில் கப்பலைத் தண்ணீரில் இறக்கும்போது இப்படித்தான் எல்லோரும் வாயைத் திறந்துகொண்டு நிற்போம்.

அசைந்தது. முடிந்தது. கோமதி பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். செல்லம்மாள் பெயருக்கு எதிரே ‘நிறுத்தப்பட்டது’ என்று இருந்தது. பிறகு மாணிக்கத்தின் அட்டை.

கீரை கூடாது. தக்காளி கூடாது. உருளைக்கிழங்கு, வாழைப்பழம், இளநீர் கூடாது. காய்கறியை வேகவைத்து நீரை வடிக்கவும்.

அதற்குக் கீழே, முந்தின நாள் நான் சொல்லச் சொல்லக் கிருஷ்ணவேணி தட்டிய வரி, எழுத்து மாறாமல் இருந்தது:

‘கெஞ்சுவார். கொடுக்காதே. கதவைச் சாத்தினால் கந்தசாமியைக் கூப்பிடு.’

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அரிசித் தூசி.

இப்போது மாதம் ஒருமுறை, முதல் செவ்வாய்க்கிழமை, அரிசி அறையில் இந்தச் சோதனை நடக்கிறது. இந்த ஊரில் எத்தனை பெரிய பெரிய கம்பெனிகள் மாதாமாதம் இப்படிச் செய்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த ஆயுத பூஜைக்குக் கறுப்புப் பெட்டியைப் பிடுங்கவில்லை. இருந்த இடத்திலேயே ஒரு பூ வைத்தோம். அந்தப் பூவையும் கோமதிதான் வைத்தாள்.

ஆனால் அந்தக் கோடு ஊர்கிற இரண்டு மணி நேரமும் நான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. மாணிக்கத்துக்கு இது தெரியும். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கெல்லாம் போன் போட்டுவிடுவான்.

“என்னடா, முடிஞ்சுதா? இருக்கேனா?”

“இருக்கே.”

“கீரை?”

“கூடாது.”

போனை வைத்துவிடுவான்.